கேழ்வரகுத் தொம்பையில் இருந்த வெளிநாட்டு அட்டைகள் குறித்து

அனுப்புநர்:
திருமதி யா. பாக்கியமேரி, பி.ஏ., பி.டி., (வயது 44)
பட்டதாரி ஆசிரியை,
க/பெ. டாக்டர் ம. யாகப்பன்,
மாதாகோயில் கொட்டாய்,
நல்லம்பள்ளி வழி,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சித் தலைவர் அலுவலகம்,
தருமபுரி.

பொருள்: பாலிமர் ஆராய்ச்சியாளரான என் கணவர் 7.1.1981 அன்று விசாரணைக்கு என்று அழைத்துச் செல்லப்பட்டு இதுவரை வீடு திரும்பாதது – அவருடைய கட்டுரையைக் கேட்டு வந்த வெளிநாட்டு அட்டைகள் பற்றிய விளக்கம் – அவரை நேரில் காண உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவைத் தட்டச்சு செய்யாமல் கையால் எழுதியிருப்பதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். தட்டச்சு செய்து கொடுப்பதுதான் முறை என்று பள்ளியில் சொன்னார்கள். நான் வேண்டுமென்றேதான் கையால் எழுதுகிறேன். காரணம் மனுவின் பிற்பகுதியில் உள்ளது. அதுவரை தாங்கள் பொறுமையுடன் படிக்க வேண்டும்.

1. என் கணவர் டாக்டர் ம. யாகப்பன், வயது 48, தருமபுரியில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். டாக்டர் என்பது ஆராய்ச்சிக்காகக் கிடைத்த பட்டம். எங்கள் ஊரில் இன்றும் சிலர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவரிடம் ஊசி போடக் கேட்டு வருவார்கள். அவரும் விளக்கிச் சொல்லிக்கொண்டிராமல் தன் சைக்கிளிலேயே நல்லம்பள்ளி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுவார். அவருடைய தகப்பனார் மானாவாரியில் கேழ்வரகும் நிலக்கடலையும் பயிரிட்டவர். என் கணவர் எந்தக் கட்சியிலும் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் அல்லர். பூசை முடிந்து நடக்கும் பங்குக் கூட்டத்தில்கூடக் கடைசி வரிசையில் நின்று கேட்டுவிட்டு வந்துவிடும் சுபாவம் உடையவர். இளைப்பு நோய் உள்ளவர். பனிக்காலத்தில் இரவும் பகலும் மாத்திரை வேண்டும்.

2. அவருடைய ஆராய்ச்சி என்ன என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். நான் சரித்திரம் படித்தவள். பிழை இருந்தால் அது என்னுடையது. சிறு சிறு மூலக்கூறுகள் சங்கிலியின் கண்ணிகள் போலக் கோத்து நீண்டு உண்டாகும் பொருளுக்குப் பாலிமர் என்று பெயர். பிளாஸ்டிக் குடமும் பாலிமர்தான், பருத்தி நூலும் பாலிமர்தான். என் கணவர் சென்னையில் ஆராய்ச்சி செய்த காலத்தில், நம் மாவட்டத்தில் தெருவில் கொட்டிக் கிடக்கும் புளியங்கொட்டையின் பசையோடு ஒரு செயற்கைப் பொருளை ஒட்டவைத்து ஒரு வெள்ளைத் தூளை உண்டாக்கினார். ஒரு தேக்கரண்டித் தூள் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துக் கூழாகி, அதை மெல்ல மெல்ல விடும். மழை தவறும் நிலத்தில் கேழ்வரகு வேரடியில் இதைப் போட்டால் ஈரம் நிற்குமா என்பதே அவருடைய கேள்வி. தன் தகப்பனாரின் நிலத்தை மனத்தில் வைத்துத்தான் இதைத் தொடங்கினார் என்பது எனக்குத் தெரியும். கட்டுரையில் அப்படி எழுத இடமில்லை.

3. இந்த ஆராய்ச்சி 1975-இல் ஒரு வெளிநாட்டு இதழில் கட்டுரையாக வந்தது. அவர் எழுதியவை மொத்தம் பதினொரு கட்டுரைகள். மற்றப் பத்தையும் அதிகம் பேர் கவனிக்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் பல நாட்டு விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக் காட்டினார்கள். ஒருவர் தம் கட்டுரையின் முடிவில், இன்னாருடைய இன்ன கண்டுபிடிப்பைப் பயன்படுத்தினேன் என்று குறிப்பது அவர்கள் வழக்கம். ஒரு கட்டுரை எவ்வளவு தூரம் பயன்பட்டது என்பதை, அதை எத்தனை பேர் இவ்வாறு குறிப்பிட்டார்கள் என்பதை வைத்தே அறிகிறார்கள். யார் யாரைக் குறிப்பிட்டார்கள் என்று தொகுப்பதற்கென்றே அமெரிக்காவில் ஆண்டுதோறும் தடித்த புத்தகங்கள் அச்சாகின்றன.

1979 கோடை விடுமுறையில் நாங்கள் இருவரும் பெங்களூர் சென்று ஒரு நூலகத்தில் அந்தப் புத்தகங்களைப் பார்த்தோம். எறும்பு போன்ற எழுத்து. நூலகரிடம் பூதக்கண்ணாடி வாங்கித்தான் படித்தோம். என் கணவர் பெயரின் கீழ் அறுபத்து மூன்று வரிகள் இருந்தன. அவர் அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். நான் மகிழ்ச்சியில் அவற்றை மறுபடியும் எண்ணினேன். அவர் மட்டும், “இதுல நாலு பேரு நான் சொன்னது தப்புன்னு சொல்றதுக்குத்தான் என் பேரையே எழுதியிருக்காங்க. அதையும் சேத்துத்தான் எண்றாங்க, ஆமா” என்று சொல்லிச் சிரித்தார்.

ஐயா, பெயரைக் குறிப்பிடுவது வேறு, தொடர்பு வைத்திருப்பது வேறு. அந்த அறுபத்து மூன்று பேரில் ஒருவரையும் அவர் கண்ணால் கண்டதில்லை. அந்தத் தாளில் உள்ளவை ஒரு பெயர், ஓர் இதழின் சுருக்கப் பெயர், தொகுதி எண், பக்க எண், ஆண்டு, இவ்வளவே. வீட்டைச் சோதித்த காவலர்கள் அவற்றை இரகசியக் குறிப்புகள் என்று சந்தேகித்துத் தாளை எடுத்துச் சென்றுவிட்டார்கள். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிக் கேட்டாலும் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.

4. இனி அட்டைகள். அந்த இதழ் இங்கே எல்லா நூலகங்களிலும் கிடைப்பதில்லை. பிற நாடுகளிலும் அப்படித்தான் போலும். ஆகவே கட்டுரை தேவைப்படுபவர், “தங்கள் கட்டுரையின் ஒரு பிரதி அனுப்பி உதவவும்” என்று அச்சிட்ட தபால் அட்டை ஒன்றில் தலைப்பை நிரப்பி, கட்டுரையை எழுதியவருக்கே அனுப்பிவிடுவார். கேட்டவருக்கு ஒரு பிரதியை அனுப்பிவைப்பது விஞ்ஞானிகளுக்குள் மரியாதை. கட்டுரை அச்சான சமயம் நாங்கள் சென்னையை விட்டு வர இருந்ததால், கிராமத்து முகவரியையே அவர் இதழுக்குக் கொடுத்திருந்தார். அதனால் உலகத்து அட்டைகள் எல்லாம் மாதாகோயில் கொட்டாய்க்கு வந்தன.

எங்கள் தபால்காரர் மாது, வாசலில் மணியடித்து, “டீச்சரம்மா, இன்னிக்கி எந்த நாட்டுக்காரன் நம்ம சாருகிட்ட கைநீட்டியிருக்கான் பாருங்க” என்று ஊர் கேட்கச் சொல்வார். அதில் மறைப்பதற்கு ஒன்றும் இருந்ததில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வந்த அட்டைகளில் பாதிக்கு மேல் அமெரிக்காவிலிருந்து வந்தவை. மற்றவை ஜப்பான், செக்கோஸ்லோவாகியா, கிழக்கு ஜெர்மனி, சோவியத் நாடு முதலிய இடங்களிலிருந்து வந்தவை. சீனாவிலிருந்து ஒரே ஓர் அட்டை, ஷாங்காய் நகரத்திலிருந்து. அது வந்த அன்று என் கணவர் அதை இரண்டு முறை படித்தார், நம் ஊரைப் போல அங்கேயும் மழை பொய்க்கும் போலிருக்கிறது என்றார். இன்று அந்த ஓர் அட்டையே அவருக்கு எதிராக நிற்கிறது.

5. அட்டைகளைத் தானியத்துக்குள் ஒளித்து வைத்தது ஏன் என்பதே எங்களைக் கேட்ட முதல் கேள்வி. தாங்கள் இம்மாவட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கலாம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மூங்கிலால் பின்னி மண் பூசிய ஆள் உயரத் தானியக் கூட்டை இங்கே தொம்பை என்கிறோம். நெல்லில் அந்து விழும், சோளத்தில் வண்டு விழும். கேழ்வரகில் எதுவும் விழாது. வருஷக்கணக்கில் கெடாது. ஆகவே ஒரு வீட்டில் எது கெடக்கூடாதோ அதைத் தகரப் பெட்டியில் போட்டுக் கேழ்வரகுக்குள் இறக்கிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நிலப் பட்டா, ஞானஸ்நானச் சான்று, கல்யாணச் சங்கிலி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

முதல் இரண்டு வருஷத்து அட்டைகள் பரணில் இருந்தன. கரையான் அரித்துவிட்டது. அன்று என் கணவர் மண்ணாகிப்போன அந்த அட்டைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய தாயார் லூர்தம்மாள் அதைப் பார்த்தார்கள். பாலிமர் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. எழுதப் படிக்கவும் தெரியாது. ஆனால் அதன் பிறகு வந்த ஒவ்வோர் அட்டையையும், நான் பார்த்து முடித்ததும் கேட்டு வாங்கிப் போய்ப் பட்டா இருக்கும் பெட்டியில் வைத்துவிடுவார்கள். எங்களிடம் உள்ளவற்றில் மேலானது என்று அவர்கள் நினைத்ததால்தான் அட்டைகள் அங்கே இருந்தன. ஐயா, ஒளித்து வைப்பதும் பத்திரப்படுத்துவதும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்று போலவே தெரியும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

6. 7.1.1981 புதன்கிழமை மாலை ஒரு ஜீப்பில் ஓர் ஆய்வாளரும் காவலர்களும் வந்தார்கள். சீன வழிப் புரட்சி பேசும் தீவிரவாதிகளைத் தேடிச் சில மாதங்களாகவே இப்பக்கத்தில் வீடு வீடாகப் பார்ப்பது தாங்கள் அறிந்ததே. வெளியாட்கள் யாரேனும் தங்கினார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றோம். ஆயுதம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு காவலர் தொம்பைக்குள் நீண்ட கம்பியை இறக்கினார். அது பெட்டியில் பட்டு எழுந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கேழ்வரகைத் தரையில் சரித்துப் பெட்டியை எடுத்தார்கள். பட்டாவையும் சங்கிலியையும் மாமியாரிடமே கொடுத்துவிட்டார்கள். அதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன். அமெரிக்க அட்டைகளை ஒருபுறம் தள்ளிவிட்டு மற்றவற்றை மட்டும் பாயில் பரப்பினார்கள். மாமியார், “கேவுருல பூச்சி புடிக்காதுங்க சாமி, அதான் வெச்சேன். எம்மவன் எழுதுனத ஊரு ஊரா கேக்கறாங்க, அது தப்புங்களா?” என்றார்கள். அலமாரியில் இருந்த வெள்ளைத் தூள் புட்டியைத் துணியில் சுற்றி, கைபடாமல், மிகவும் எச்சரிக்கையுடன் வெளியே கொண்டு போனார்கள். அது வெடிக்கும் பொருள் என்று நினைத்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினால் போதும், அது வெறும் கூழாகிவிடும். யாரும் ஊற்றிப் பார்க்கவில்லை.

7. இனி எழுதுவதற்காகவே இம்மனு. ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் “அனுப்பியாயிற்று” என்று எழுதித் தேதியும் போட்டிருக்கிறது. ஆய்வாளர் ஷாங்காய் அட்டையைக் கையில் எடுத்து, “சைனாவுக்கு என்னத்த அனுப்பினீங்க? இது யாரு எழுத்து?” என்று கேட்டார்.

அது என் எழுத்து. கட்டுரையின் பிரதியை உறையில் போட்டு, முகவரி எழுதி, தபால் நிலையத்தில் சேர்ப்பது எப்போதும் என் வேலை. ஒருவருக்கே இரண்டு முறை போய்விடக் கூடாது என்று நான்தான் மூலையில் எழுதி வைப்பேன். நான் வாய் திறந்தேன். அதற்குள் என் கணவர், “என் கையெழுத்துதாங்க” என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பேசாதே என்று அந்தப் பார்வைக்குப் பொருள். பத்தொன்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவளுக்கு அது தெரியாமல் போகாது. நான் பேசவில்லை. அவருக்குக் கீழ்ப்படிந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அது உண்மை அல்ல. பயத்தினால்தான் பேசவில்லை.

அவருடைய கையெழுத்தை அறிந்த எவரும் அந்த எழுத்தை அவருடையது என்று நம்ப மாட்டார்கள். அவர் கரும்பலகையில் எழுதுவதைப் படிக்க முடியவில்லை என்று மாணவர்கள் கல்லூரி முதல்வரிடமே முறையிட்டிருக்கிறார்கள். ஆகவே, அவர் பொய் சொன்னது தெரியவந்து, வேறு எதையோ மறைப்பதற்காகச் சொன்னார் என்று எண்ணிவிடுவார்களோ, அதற்காக அவரை மேலும் கேட்பார்களோ, எப்படிக் கேட்பார்களோ என்பதே என் அச்சம். அவர் மறைத்தது என்னை மட்டுமே.

8. அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, காலையில் அனுப்பிவிடுவோம் என்றார்கள். வியாழனும் வெள்ளியும் நான் எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போய் வெளியே நின்றேன். விசாரணை நடக்கிறது என்றார்கள். சனிக்கிழமை இளைப்பு மாத்திரைகளைக் கொண்டு போனேன். ஒரு காவலர் வாங்கி உள்ளே கொண்டு சென்றார். சிறிது நேரத்தில் மற்றொருவர் வந்து, “அப்படி யாரும் இங்க இல்லம்மா, வூட்டுக்குப் போங்க” என்றார். மாத்திரையைத் திருப்பித் தரவில்லை. இல்லாத ஒருவருக்கு மாத்திரையை ஏன் வாங்கிக்கொண்டார்கள் என்று கேட்காமலே பேருந்து ஏறினேன். பேருந்தில் வரும்போது, அவர் அங்கே இருப்பது, இல்லாதது, இரண்டில் எது உண்மையாக இருந்தால் நல்லது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இந்த மாதங்களில் இப்படி அழைத்துச் செல்லப்பட்டவர்களைப் பற்றி நாங்கள் கேள்விப்படுவதை இம்மனுவில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. நிலையத்தின் பெயரும் ஆய்வாளரின் பெயரும்கூட எழுதவில்லை. தாங்கள் கேட்டால் நேரில் சொல்கிறேன்.

9. எங்கள் ஊரார் கெட்டவர்கள் அல்லர். பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள், “டீச்சர், தண்ணிய நானே கொண்டாந்து வெச்சிர்றேன், நீங்க கெணத்துப் பக்கம் வராதீங்க” என்று சொன்னார். அது இரக்கமா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். பங்குத் தந்தை பொங்கல் வரை பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார். தொம்பையிலிருந்து சரித்த கேழ்வரகு அப்படியே தரையில் கிடக்கிறது. மகன் வந்து பார்த்த பிறகுதான் அள்ளுவேன் என்று மாமியார் சொல்லிவிட்டார்கள். நாங்கள் அதைச் சுற்றி நடக்கிறோம்.

சனிக்கிழமை பிற்பகல் மாது மணி அடிக்காமல் கதவுக்கடியில் ஒன்றைத் தள்ளிவிட்டுப் போனார். எடுத்துப் பார்த்தேன். அங்கேரி நாட்டிலிருந்து ஓர் அட்டை, அதே கட்டுரையைக் கேட்டு. ஓர் அட்டைக்காக நான் பயந்தது அதுவே முதல் முறை. அதை அடுப்பில் போடலாம் என்று அடுப்பு வரை போனேன். பிறகு, எரித்தால்தான் குற்றம் என்று ஆகிவிடும் என்று நினைத்துத் திரும்பினேன். அதை இம்மனுவுடன் தங்களிடமே ஒப்படைக்கிறேன்.

பெங்களூரில் என் கணவர் பெயரின் கீழ் அத்தனை வரிகளைப் பார்த்து நான் மகிழ்ந்ததைச் சொன்னேன். இப்போது அவருடைய பெயர் வேறு எந்தப் பட்டியலில் ஏறியிருக்கிறதோ, அதன் எதிரே என்ன எழுதியிருக்கிறார்களோ என்று நினைக்கிறேன். அதைப் பார்க்க எனக்கு எந்த நூலகமும் இல்லை. தாங்கள் பார்க்க முடியும்.

எனவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

என் கணவர் இன்று எங்கே இருக்கிறார் என்பதை இன்றே விசாரித்து எனக்குத் தெரிவிக்க வேண்டும். நான் அவரை ஒரு முறையாவது நேரில் பார்க்கவும், அவருடைய மாத்திரை அவர் கைக்குச் சேரவும் உத்தரவிட வேண்டும். அவர் மேல் குற்றம் உண்டென்றால் முறைப்படி நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அங்கே அட்டைகளையும் தாளையும் வேதியியல் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டட்டும். தூள் புட்டியில் தங்கள் முன்னிலையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கட்டும்.

அட்டைகளில் எழுதியதே குற்றம் என்றால், எழுதியவள் நான். என்னைக் கேட்கலாம். இன்று திங்கட்கிழமை, தாங்கள் மனு வாங்கும் நாள். முதல் பேருந்தில் வந்து தங்கள் அலுவலக வளாகத்தில் இருக்கிறேன். பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாமியாரைத் தீர்த்தம்மாளிடம் ஒப்படைத்திருக்கிறேன். என்னை அழைத்துச் செல்வதாக இருந்தால் இங்கிருந்தே செல்லலாம், மறுபடியும் அந்த வீட்டுக்கு ஜீப் வர வேண்டாம்.

இம்மனு கையால் எழுதப்பட்டதன் காரணம் இப்போது தங்களுக்கு விளங்கியிருக்கும். இதையும் அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எழுதிய கை ஒன்றே என்று தெரியும். அட்டைகளில் உள்ளவை பயமில்லாத நாட்களில் எழுதியவை. இதில் சில எழுத்துகள் நடுங்கியிருக்கும். அந்த வேறுபாட்டை மட்டும் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

தங்கள் ஒரு வார்த்தையை எதிர்பார்த்து வெளியே காத்திருக்கும்,

யா. பாக்கியமேரி

இடம்: தருமபுரி
நாள்: 12.1.1981

இணைப்பு:
1. என் கணவரின் கட்டுரைப் பிரதி ஒன்று. வீட்டில் இருந்த கடைசிப் பிரதி இது.
2. அங்கேரி நாட்டிலிருந்து 10.1.1981 அன்று வந்த அட்டை. மூலையில் நான் ஒன்றும் எழுதவில்லை.
3. இளைப்பு மாத்திரைகள், ஒரு வாரத்துக்கு.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அட்டைகளில் உள்ள அதே சொல்லை என் கையால் கீழே எழுதியிருக்கிறேன்:

அனுப்பியாயிற்று. 12.1.1981.